சிவப்பு விளக்கும் சைரனும்: சாலைச் சந்திப்பில் அவசர ஊர்திக்கு வழிவிடும் முறையின் வரலாறு

சந்திப்பில் சிவப்பு விளக்கு எரிகிறது. பின்னாலிருந்து சைரன் ஒலியுடன் ஆம்புலன்ஸ் வருகிறது. முன்வரிசையில் நிற்கும் ஓட்டுநர் என்ன செய்ய வேண்டும்? அவசர ஊர்திக்கு வழிவிட வேண்டும் என்று ஏறத்தாழ எல்லா நாட்டுச் சாலைச் சட்டங்களும் சொல்கின்றன. சிவப்பு விளக்கில் நிற்க வேண்டும் என்பதும் அதே சட்டங்களின் கட்டளைதான். இந்த இரண்டு கட்டளைகளும் மோதும் இடம் நிறுத்தக் கோட்டை ஒட்டிய சில அடி சாலை மட்டுமே. சிறிய இடம்தான் என்றாலும் நூறு ஆண்டுகளுக்கு மேலாக இச்சிக்கலுக்கு ஒரே மாதிரியான விடை கிடைக்கவில்லை. நாடுகள் வெவ்வேறு பக்கம் சாய்ந்திருக்கின்றன.

மணி ஒலித்த காலம்

விளக்குகள் வருவதற்கு முன்பே அவசர ஊர்திகள் வந்துவிட்டன. லண்டனில் 1833இல் ஒருங்கிணைந்த தீயணைப்பு அமைப்பு ஜேம்ஸ் பிரெய்ட்வுட் தலைமையில் உருவானது. குதிரைகள் இழுத்த தீயணைப்பு வண்டிகள் தெருக்களில் விரைந்தபோது, வண்டியில் இருந்தவர்கள் உரக்கக் கத்தியே வழி கேட்டனர். அமெரிக்காவில் உள்நாட்டுப் போர் முடிந்ததும் நகர மருத்துவமனைகள் ஆம்புலன்ஸ் வைத்துக்கொள்ளத் தொடங்கின. நியூயார்க்கின் பெல்வியூ மருத்துவமனையில் 1869இல் குதிரை ஆம்புலன்ஸ் சேவை தொடங்கப்பட்டது. போர்க்கள மருத்துவராக இருந்த எட்வர்ட் டால்டன் அதை வடிவமைத்தார். அந்த வண்டிகள் மணியடித்துக்கொண்டு ஓடின.

அக்காலச் சந்திப்புகளில் போக்குவரத்தை ஒழுங்குபடுத்தியவர் காவலர். மணியோசை கேட்டதும் அவர் கையை உயர்த்தி மற்ற வண்டிகளை நிறுத்திவிடுவார். வழிவிடுவதா, நிற்பதா என்ற கேள்வி வண்டியோட்டிக்கு எழவே இல்லை. சந்திப்பை ஆள்பவருக்குக் காது இருந்தது என்பதே காரணம். இயந்திர விளக்கு வந்தபோது முதலில் இழந்தது இந்தக் காதைத்தான்.

விளக்கு வந்தபோது

உலகின் முதல் போக்குவரத்து விளக்கு 1868 டிசம்பரில் லண்டன் நாடாளுமன்றக் கட்டடத்தின் அருகே நிறுவப்பட்டது. ரயில்வே துறையைச் சேர்ந்த ஜான் பீக் நைட் ரயில் கைகாட்டி மரத்தைச் சாலைக்குக் கொண்டுவந்தார். பகலில் கைகள், இரவில் சிவப்பும் பச்சையுமான எரிவாயு விளக்குகள். அதை இயக்கியவரும் ஒரு காவலரே. ஒரு மாதத்துக்குள், 1869 ஜனவரியில், எரிவாயு கசிந்து வெடித்ததில் இயக்கிக்கொண்டிருந்த காவலர் காயமடைந்தார். அத்துடன் அந்த முயற்சி நின்றுபோனது. லண்டன் அதன் பிறகு பல பத்தாண்டுகள் காவலரின் கையையே நம்பியிருந்தது.

இக்கட்டுரையின் பொருளுக்கு அதைவிட முக்கியமானது அமெரிக்காவின் கிளீவ்லாந்து நகரில் நிகழ்ந்தது. 1914 ஆகஸ்ட் 5 அன்று யூக்ளிட் அவென்யூவும் கிழக்கு 105ஆம் தெருவும் சந்திக்கும் இடத்தில் மின்சாரப் போக்குவரத்து விளக்குகள் இயங்கத் தொடங்கின. வடிவமைத்தவர் ஜேம்ஸ் ஹோக். நான்கு மூலைகளிலும் சிவப்பு, பச்சை என ஒவ்வோர் இணை விளக்கு. சாலையோரச் சிறு கூண்டில் அமர்ந்த ஒருவர் விசையைத் திருப்பி அவற்றை மாற்றினார். எதிரெதிர்த் திசைகளுக்கு முரண்பட்ட சைகை ஒருபோதும் விழாதபடி கம்பிகள் இணைக்கப்பட்டிருந்தன. பொதுவாகச் சொல்லப்படும் வரலாறு இத்துடன் நின்றுவிடும். ஹோக்கின் வடிவமைப்பில் இன்னொரு கூறும் இருந்தது. அவசர வேளையில் காவல் நிலையமும் தீயணைப்பு நிலையமும் அந்த விளக்குகளைத் தம் கட்டுப்பாட்டில் எடுத்துக்கொள்ள முடியும்.

முதல் மின்விளக்கு அமைத்தவருக்கே தீயணைப்பு வண்டியின் நினைவு இருந்திருக்கிறது என்பது கவனிக்கத்தக்கது. சிவப்பை மீறும்படி வண்டியோட்டியிடம் கேட்பதைவிட, விளக்கையே மாற்றிவிடுவது எளிது என்று அவர் கண்டிருந்தார். பிற்காலத்தவர் இந்த எளிய எண்ணத்துக்குத் திரும்பி வர அரை நூற்றாண்டு ஆயிற்று.

இடைப்பட்ட காலத்தில் விளக்குகள் தானாக மாறத் தொடங்கின. 1920இல் டெட்ராய்ட் நகரில் காவல் அதிகாரி வில்லியம் பாட்ஸ் மஞ்சள் விளக்கையும் சேர்த்து மூன்று நிற முறையை உருவாக்கினார். இங்கிலாந்தின் வுல்வர்ஹாம்ப்டனில் 1927இல் தானியங்கி விளக்குகள் வந்தன. கூண்டில் இருந்த ஆள் போனார், கடிகாரம் வந்தது. கடிகாரத்துக்கு மணியோசை கேட்காது.

யாருக்கு விலக்கு?

தானியங்கி விளக்கு சிவப்பில் இருக்கும்போது தீயணைப்பு வண்டி என்ன செய்யும்? சட்டங்கள் முதலில் எதிர்கொண்ட கேள்வி இதுதான். இதற்கான விடையில் நாடுகளிடையே பெரிய வேறுபாடு இல்லை. அமெரிக்க மாநிலங்கள் பின்பற்றும் மாதிரிச் சட்டத் தொகுப்பு, அவசர ஊர்தி சிவப்பைக் கடக்கலாம் என்கிறது. ஆனால் பாதுகாப்புக்குத் தேவையான அளவு வேகத்தைக் குறைத்த பிறகே கடக்க வேண்டும். பிரிட்டனில் அவசர ஊர்திக்குச் சிவப்பு விளக்கு, 'வழிவிட்டுச் செல்' என்ற பலகைக்குச் சமம். வேறொருவர் விபத்தைத் தவிர்ப்பதற்காக வேகத்தையோ திசையையோ மாற்ற நேரும் விதத்தில் அது கோட்டைக் கடக்கக் கூடாது. 1968ஆம் ஆண்டின் வியன்னா சாலைப் போக்குவரத்து ஒப்பந்தத்தின் 34ஆம் பிரிவும் இவ்வாறே அமைந்துள்ளது. ஒளியும் ஒலியும் எழுப்பி வரும் முன்னுரிமை ஊர்திக்குச் சாலையில் இடம்விட வேண்டும், தேவையானால் நிற்க வேண்டும் என்று அது எல்லோருக்கும் சொல்கிறது. முன்னுரிமை ஊர்திக்கு விதிகளிலிருந்து விலக்கு அளிக்க நாடுகளை அனுமதிக்கிறது. பிறருக்கு ஆபத்து விளைவிக்கக் கூடாது என்பதே நிபந்தனை.

இந்த விலக்குகள் எல்லாமே அவசர ஊர்தியின் ஓட்டுநருக்கானவை. அதற்கு முன்னால் நிற்பவருக்கு அல்ல. பயிற்சி பெற்ற ஓட்டுநர், தொலைவிலிருந்தே தெரியும் விளக்கு, கேட்கும் ஒலி ஆகிய மூன்றும் சேர்ந்தால்தான் சிவப்பைக் கடப்பது ஓரளவு பாதுகாப்பானது. முன்னால் நிற்கும் சாதாரணக் காரில் இவை எதுவும் இல்லை. குறுக்குச் சாலையில் பச்சையைப் பார்த்து வருபவருக்கு அது சிக்னலை மீறும் இன்னொரு வண்டியாகவே தெரியும்.

முன்னால் நிற்பவருக்கு மூன்று விடைகள்

முன்வரிசை ஓட்டுநர் குறித்து நாடுகள் பிரிந்து நிற்கின்றன.

பிரிட்டன் கண்டிப்பானது. அங்குள்ள நெடுஞ்சாலைக் கையேட்டின் 219ஆம் விதி பதற்றப்பட வேண்டாம் என்று தொடங்கி, அவசர ஊர்தி எந்தப் பக்கம் போகும் என்று எண்ணிப் பார்த்து வழிவிடச் சொல்கிறது. ஆனால் எல்லாப் போக்குவரத்துக் குறிகளுக்கும் கட்டுப்பட்டபடியே வழிவிட வேண்டும். ஆம்புலன்சுக்காகச் சிவப்பைக் கடந்தேன் என்பது அங்கு சட்டப்படியான விலக்கு ஆகாது. கேமராவில் பதிவானால் அபராதம் வரக்கூடும். முன்னே செல்ல இடமில்லை என்றால் நின்ற இடத்திலேயே நிற்பதுதான் அங்கு சரியான செயல். சுற்றிச் செல்லும் வழியைக் கண்டுபிடிப்பது அவசர ஊர்தி ஓட்டுநரின் வேலை.

ஜெர்மனி மறுபக்கம் சாய்கிறது. அதன் சாலைச் சட்டத்தின் 38ஆம் பிரிவு, நீல விளக்கும் ஊதொலியும் சேர்ந்து வந்தால் மற்ற எல்லோரும் உடனே வழியைத் திறந்துவிட வேண்டும் என்கிறது. நீல விளக்கு மட்டும் சுழன்றால் இந்தக் கடமை எழாது. இந்தக் கட்டளையை நிறைவேற்ற வேறு வழி இல்லையென்றால், இருபுறமும் பார்த்து, மெதுவாக நிறுத்தக் கோட்டைத் தாண்டிச் சற்று ஒதுங்கி நிற்பது அங்கு பொதுவாக ஏற்கப்படுகிறது. சந்திப்பைக் கடந்து மறுபக்கம் போய்விடுவது இதில் அடங்காது. வண்டி போக இடம் கிடைத்ததும் அங்கேயே நின்றுவிட வேண்டும்.

அமெரிக்க மாதிரிச் சட்டம் வேறொரு கோணத்தில் பார்க்கிறது. சாலையின் வலது ஓரத்தை ஒட்டி ஒதுங்கி நில், ஆனால் சந்திப்புக்குள் நிற்காதே என்கிறது அது. அங்கு வண்டிகள் வலப்புறம் ஓடுவதால் வலது ஓரம். பதற்றத்தில் சந்திப்பின் நடுவே நின்றுவிடும் வண்டி, எல்லாத் திசைகளிலிருந்தும் வரும் அவசர ஊர்திகளையும் தடுக்கும் என்பதுதான் அந்த எச்சரிக்கையின் காரணம்.

மூன்றில் எது சிறந்தது? சாலையின் அகலம், வண்டிகளின் நெருக்கம், குறுக்கே வருபவர்களின் ஒழுங்கு ஆகியவற்றைப் பொறுத்தது அது. ஆனாலும் ஜெர்மனியின் விடை அந்நாட்டு ஓட்டுநர் பயிற்சியை நம்பி நிற்பது. வேறு ஊருக்கு அதை அப்படியே எடுத்துச் செல்ல முடியும் என்று தோன்றவில்லை.

மீண்டும் ஹோக்கின் வழி

அமெரிக்காவில் விளக்கையே மாற்றும் எண்ணம் இருபதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் மின்னணு வடிவில் திரும்பியது. 3எம் நிறுவனம் ஆப்டிகாம் என்ற கருவியைக் கொண்டுவந்தது. அவசர ஊர்தியின் மேலுள்ள விளக்கு, நொடிக்குச் சுமார் 14 முறை என்ற கணக்கில் மின்னும். சந்திப்பின் கம்பத்தில் உள்ள உணரி அந்தத் துடிப்பை அடையாளம் கண்டு, வண்டி வரும் திசைக்குப் பச்சையைத் தந்து மற்றவற்றைச் சிவப்பாக்கும். பேருந்து போன்ற குறைந்த முன்னுரிமை ஊர்திகளுக்கு நொடிக்குச் சுமார் 10 துடிப்புகள். வண்டி கடந்ததும் விளக்குகள் பழைய சுற்றுக்குத் திரும்பும்.

இதன் நன்மை அவசர ஊர்திக்கு மட்டுமல்ல. அதற்கு முன்னால் சிக்கி நிற்கும் வரிசைக்கும் பச்சை கிடைப்பதால், அவர்கள் எந்த விதியையும் மீறாமல் நகர்ந்து வழிவிடுகிறார்கள். இரண்டு கட்டளைகளின் மோதலே இல்லாமல் போகிறது.

ஒரு தொல்லையும் வந்தது. வெறும் ஒளித்துடிப்புக்குத்தான் விளக்கு மாறுகிறது என்று தெரிந்ததும், அதே துடிப்பைத் தரும் சிறு கருவிகள் தனியாருக்கு விற்கப்படலாயின. அலுவலகத்துக்கு நேரமாகிவிட்டவர்கள் பச்சையை வரவழைத்துக்கொள்ளலாம்! 2005இல் அமெரிக்க நாடாளுமன்றம் இதைக் குற்றமாக்கியது. அனுமதியின்றிப் பயன்படுத்தினால் ஆறு மாதம் வரையும், அனுமதியற்றவருக்கு விற்றால் ஓராண்டு வரையும் சிறை. பிற்காலக் கருவிகள் வண்டிக்குரிய குறியீட்டையும் சேர்த்து அனுப்புகின்றன.

இந்தியச் சட்டம் வந்த வழி

1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தைத் தொடர்ந்து வந்த 1989ஆம் ஆண்டு சாலை விதிகள், தீயணைப்பு வண்டியோ ஆம்புலன்சோ நெருங்கினால் ஓட்டுநர் சாலையோரம் ஒதுங்கி வழிவிட வேண்டும் என்றன. மீறினால் தனித் தண்டனை இல்லை. சட்டத்தின் பொதுத் தண்டனைப் பிரிவான 177இன்படி முதல் முறை 100 ரூபாய் வரை அபராதம். 2017இல் வந்த புதிய ஓட்டுதல் விதிமுறைகள் அவசர ஊர்திகளின் உரிமையை விரிவாக எழுதின. அவசரப் பணியில் இருக்கும்போது, உரிய கவனத்துடன், அவை சிவப்பைக் கடக்கலாம், வேக வரம்பைத் தாண்டலாம்.

2019ஆம் ஆண்டுத் திருத்தம் 194இ என்ற புதிய பிரிவைச் சேர்த்தது. தீயணைப்பு வண்டி, ஆம்புலன்ஸ் அல்லது மாநில அரசு குறிப்பிடும் வேறு அவசர ஊர்தி நெருங்கும்போது சாலையோரம் ஒதுங்கத் தவறினால் ஆறு மாதம் வரை சிறை, அல்லது 10,000 ரூபாய் அபராதம், அல்லது இரண்டும். 2019 செப்டம்பர் 1 முதல் இது நடைமுறைக்கு வந்தது. தமிழ்நாட்டில் 2022 அக்டோபரில் திருத்தப்பட்ட அபராதப் பட்டியல் வந்தபோது, ஆம்புலன்சுக்கு வழிவிடாதவருக்கு 10,000 ரூபாய் என்பதுதான் செய்திகளில் பெரிதாகப் பேசப்பட்டது.

அதே 2019 திருத்தம் சிவப்பு விளக்கைத் தாண்டுவதை 184ஆம் பிரிவின் கீழ் ஆபத்தான ஓட்டுதல் பட்டியலில் வைத்தது. முதல் முறைக்கு ஆறு மாதம் முதல் ஓராண்டு வரை சிறை, அல்லது 1,000 முதல் 5,000 ரூபாய் வரை அபராதம். ஆக, நிறுத்தக் கோட்டில் நிற்பவருக்கு இருபுறமும் தண்டனை உண்டு. ஆனால் 194இ கேட்பது ஓரம் ஒதுங்குவதை மட்டுமே. சிவப்பைத் தாண்டு என்று அது எங்கும் சொல்லவில்லை. சமூக ஊடகங்களில் 'ஆம்புலன்சுக்காக சிக்னலைத் தாண்டலாம்' என்று சட்டமே சொல்வதுபோல் பரவும் செய்திகளைப் படிப்பவர்கள் இந்த வேறுபாட்டைக் கவனிக்க வேண்டும்.

இந்தியச் சட்டத்தில் தெளிவான விடை உள்ள ஓர் இடம் காவலரின் கை. சட்டத்தின் 119ஆம் பிரிவு, போக்குவரத்தை ஒழுங்குபடுத்தும் சீருடைக் காவலரின் கட்டளைக்குக் கீழ்ப்படியச் சொல்கிறது. விளக்கு சிவப்பாக இருந்தாலும் காவலர் கையசைத்து முன்னே வரச் சொன்னால் வரவேண்டும். நம் நகரங்களில் உச்ச நேரத்தில் போக்குவரத்துக் காவலர்கள் தானியங்கி முறையை நிறுத்திவிட்டு விசையைத் தம் கையில் வைத்திருப்பதைக் காணலாம். சைரன் கேட்டதும் அந்தத் திசைக்குப் பச்சை போடுகிறார்கள். கிளீவ்லாந்து கூண்டின் வழிதான் இது.

சென்னை, செப்டம்பர் 2008

தமிழ்நாட்டில் இலவச 108 ஆம்புலன்ஸ் சேவை 2008 செப்டம்பர் 15 அன்று தொடங்கியது. அதே மாதத்தில், விபத்தில் மூளைச்சாவு அடைந்த சிறுவன் ஒருவனின் உறுப்புகளைப் பெற்றோர் தானமாக அளித்தனர். இதயத்தைத் தேனாம்பேட்டையிலிருந்து முகப்பேர் மருத்துவமனைக்குக் கொண்டுசெல்ல வேண்டியிருந்தது. வழியெங்கும் போக்குவரத்துக் காவலர்கள் சந்திப்புகளைத் திறந்து வைத்தனர். சுமார் 11 நிமிடங்களில் இதயம் போய்ச் சேர்ந்தது. 2011இல் வந்த 'டிராஃபிக்' என்ற மலையாளப் படத்துக்கு இந்நிகழ்வு தூண்டுதலாக இருந்தது. அப்படம் 2013இல் 'சென்னையில் ஒரு நாள்' எனத் தமிழில் வந்தது.

இத்தகைய ஏற்பாட்டுக்குப் பின்னர் 'பசுமை வழித்தடம்' என்ற பெயர் நிலைத்தது. முன்பே திட்டமிட்டு, ஒவ்வொரு சந்திப்பிலும் ஆள் நிறுத்தினால் எவரும் சிவப்பைத் தாண்ட வேண்டியதில்லை என்று அது காட்டியது. ஆனால் மாரடைப்பு முன்கூட்டித் தகவல் தருவதில்லை. நாள்தோறும் ஓடும் சாதாரண ஆம்புலன்சுகளுக்கு இந்த ஏற்பாடு கிடைக்காது. அவை சந்திப்பில் நிற்பவர்களை நம்பியே வருகின்றன.

அந்த நம்பிக்கை இரு பக்கமும் இருக்க வேண்டும். சைரனும் சுழல்விளக்கும் பதவியின் அடையாளமாகிவிட்ட காலத்தில் மக்கள் அவற்றை மதிக்கத் தயங்கினர். 2013 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் சிவப்புச் சுழல்விளக்குப் பயன்பாட்டைக் கட்டுப்படுத்தித் தீர்ப்பளித்தது. 2017 மே 1 முதல் அமைச்சர்கள் உட்பட முக்கியப் பிரமுகர்களின் கார்களிலிருந்து அவை அகற்றப்பட்டன. இன்னமும் ஒரு சந்தேகம் மிஞ்சியிருக்கிறது. உள்ளே நோயாளி இல்லாத ஆம்புலன்ஸ் ஏன் சைரன் ஒலிக்கிறது என்று பலர் கேட்கிறார்கள். நோயாளியிடம் போய்க்கொண்டிருக்கும் ஆம்புலன்ஸ் காலியாகத்தான் இருக்கும். அதற்கும் அவசரம் உண்டு.

எத்தனை நொடிகள்?

1995இல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வு, வட கரோலினா மாநிலத்தின் கிரீன்வில் நகரில் 50 ஆம்புலன்ஸ் பயணங்களை ஆராய்ந்தது. ஒளியும் ஒலியும் எழுப்பிச் சென்ற ஆம்புலன்சுக்கும், அவை இல்லாமல் அதே வழியில் சென்ற வண்டிக்கும் இடையே சராசரியாக 43.5 நொடிகளே வித்தியாசம். சிறிய நகரத்தின் கணக்கு இது. நெரிசல் மிகுந்த சென்னைக்கோ மதுரைக்கோ அப்படியே பொருந்தாது. ஆனால் மீட்கப்படும் நேரம் நிமிடங்களைவிட நொடிகளில் இருக்கக்கூடும் என்பதை அது உணர்த்தியது. 1997இல் வெளியான மற்றோர் ஆய்வு 'பின்னலை விபத்து' எனத் தமிழில் சொல்லத்தக்க ஒன்றைப் பேசியது. அவசர ஊர்தி கடந்துபோன பிறகு, அதில் மோதாமல், அதற்காக விலகிய வண்டிகள் ஒன்றோடொன்று மோதிக்கொள்ளும் விபத்துகள் அவை. ஆம்புலன்ஸ் ஓட்டுநருக்கு அவை நடந்ததே தெரியாமல் போகலாம்.

இந்த இரண்டையும் சேர்த்துப் பார்த்தால், பதற்றத்தில் சிவப்பைத் தாண்டிக் குறுக்கே பாய்வது சில நொடிகளுக்காக இன்னோர் ஆம்புலன்சுக்கு வேலை வைப்பதாகலாம்.

நம் சந்திப்பில்

தமிழ்நாட்டுச் சாலையில் இதன் நடைமுறை என்ன? சைரன் கேட்டதும் முதலில் கண்ணாடியைப் பார்த்து, வண்டி எந்தப் பக்கத்திலிருந்து வருகிறது என்று அறிய வேண்டும். குளிர்சாதனம் ஓடும் மூடிய காரில் ஒலியின் திசை எளிதில் பிடிபடாது. பாட்டை நிறுத்திவிட்டுக் கண்ணாடியை இறக்கினால் தெரியும். இடப்புற வரிசையில் இருப்பவர் இடது ஓரத்தை ஒட்டியும், வலப்புற வரிசையில் இருப்பவர் முடிந்தவரை இடப்பக்கம் சாய்ந்தும் நின்றால், நடுத்தடுப்பை ஒட்டி ஓர் ஆம்புலன்ஸ் புகும் இடம் பெரும்பாலும் கிடைத்துவிடும். இதற்கு முன்னால் நிற்கும் வண்டியுடன் இடைவெளி விட்டு நின்றிருக்க வேண்டும். பம்பரோடு பம்பர் ஒட்டி நிற்பவரால் சக்கரத்தைத் திருப்பவே முடியாது.

நம் ஊரின் தனிச் சிக்கல் 'ஃப்ரீ லெஃப்ட்'. நேராகச் செல்ல வேண்டியவர்கள் இடப்புறம் திரும்பும் வழியை அடைத்து நிற்பதால், இடப்பக்கம் போக வேண்டிய ஆம்புலன்சும் சிவப்புக்காகக் காத்து நிற்கிறது. இரு சக்கர வண்டிகள் இடைவெளிகளில் நுழைந்து நிறுத்தக் கோட்டை நிரப்பிவிடுவது இன்னொன்று. இரண்டாலும் சைரன் கேட்பதற்கு முன்பே வழி அடைபட்டுவிடுகிறது. கேட்ட பிறகு செய்யக் கூடியது குறைவு.

முன்வரிசையில் இருப்பவர், காவலர் இருந்தால் அவர் கையைப் பார்க்க வேண்டும். அவர் வரச் சொன்னால் சிவப்பிலும் நகரலாம். காவலர் இல்லாத இடத்தில் கோட்டுக்குள்ளேயே ஒதுங்க முடிந்த அளவு ஒதுங்கி, பச்சை விழும் வரை நிற்பதே சட்டம் தெளிவாக அனுமதிக்கும் செயல். குறுக்குச் சாலையில் பச்சையில் வருபவருக்கும் இதில் பங்கு உண்டு. தனக்குப் பச்சை இருந்தாலும் சைரன் கேட்டால் சந்திப்புக்கு முன்பே வேகத்தைக் குறைத்து நின்றுவிட வேண்டும். சிவப்பைக் கடக்க உரிமை பெற்ற ஒரே வண்டி அப்போது அவரது வழியில்தான் குறுக்கிடும். அது போனதும் அதன் பின்னால் ஒட்டிக்கொண்டு கிளம்பக் கூடாது. இரண்டாவது ஆம்புலன்ஸோ தீயணைப்பு வண்டியோ வரலாம்.